அத்தைக்குத் தெரியாமல் கஞ்சா கலந்து கொடுக்கலாமா?

பால்டிமோர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மதுரைப் பக்கம் பிறந்து, மேல்படிப்புக்கு அமெரிக்கா வந்து, உடன் படித்த கறுப்பின அமெரிக்கரைத் திருமணம் செய்துகொண்டு பதினொரு வருடம் ஆகிறது. கணவர் ஃபெடரல், அதாவது மத்திய, அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். வாசகியிடம் கிரீன் கார்டு இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டை விட மனசில்லாமல் தள்ளிப்போட்ட குடியுரிமை விண்ணப்பத்தை இந்த வருடம்தான் கையில் எடுத்திருக்கிறார்.

மாமியாருக்கு 71 வயது. மேற்கு பால்டிமோரில் ஃபெடரல் மானியத்தில் நடக்கும் முதியோர் குடியிருப்பில் தனியாக இருக்கிறார். மார்பகப் புற்றுநோய்க்கு வாரம் ஒரு முறை பாக்லிடாக்செல் என்ற கீமோ மருந்தை ஏற்றுகிறார்கள். எட்டு முடிந்து நான்கு பாக்கி. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அதோடு பிபி மாத்திரை. மூன்று வாரமாக விரல் நுனியும் உள்ளங்காலும் தீயாய் எரிகின்றன, தூக்கம் இல்லை. முப்பது வருடமாகத் தன் சர்ச்சில் அஷராக இருக்கும் பெண்மணி அவர். ஞாயிறுதோறும் வெள்ளைச் சீருடை, வெள்ளைக் கையுறையுடன் வாசலில் நின்று ஆட்களை இருக்கைக்கு அழைத்துப் போவார். இப்போது அந்தப் பருத்திக் கையுறையைக்கூட விரலில் ஏற்ற முடியவில்லை.

கணவரின் அண்ணன் மகன், இருபது வயதுப் பையன், கஞ்சா கம்மி மிட்டாய் ஒரு டப்பா கொண்டுவந்து பாட்டியிடம் கொடுத்திருக்கிறான். அவர் அதைச் செய்தித்தாளில் சுற்றி, படியிறங்கிப் போய், தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்து, "என் வீட்டுக்குள் டோப் வரக்கூடாது" என்றாராம். அந்தப் பையனின் அப்பா 1996இல், பதினெட்டு வயதில், ஒரு சின்னப் பொட்டலத்துக்காகக் கைதானவர். அப்போது அம்மாவே அவரை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டாராம். இன்றுவரை அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கேள்வி இதுதான்: "அத்தை நல்லவர். ஆனால் இந்த விஷயத்தில் சர்ச் சொல்வதைத் தாண்டி யோசிக்க மாட்டார், கொஞ்சம் கல்நெஞ்சும் உண்டு. இப்போது சட்டமே அனுமதித்துவிட்டது, இயற்கையான மூலிகைதானே. பிரௌனியில் பாதி கம்மியைக் கலந்து கொடுத்துவிட்டு, வலி குறைந்த பிறகு உண்மையைச் சொன்னால் என்ன?"

அன்புள்ள சகோதரி,

வேண்டாம். மற்றதெல்லாம் பிறகு.

பெயர்தான் கம்மி, வேகம் கம்மி இல்லை. வாய்வழி போகும் டிஎச்சி, அதாவது போதை தரும் பகுதி, கல்லீரலில் இன்னும் வீரியமான பொருளாக மாறுகிறது. அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் ஏறும். ஏறினால் ஆறு, எட்டு மணி நேரம் இறங்காது. எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். உங்கள் அத்தைக்கு ஏற்கனவே பாதம் மரத்திருக்கிறது. இரவு பாத்ரூம் போகும்போது விழுந்தால், வார்ஃபரின் எடுக்கும் ஒருவருக்குத் தலையில் இரத்தக்கசிவு வரை போகலாம். விழாவிட்டாலும், திடீரென்று நெஞ்சு படபடத்து, நேரம் நகராமல் நின்று, வாய் உலர்ந்தால் அவர் என்ன நினைப்பார்? பக்கவாதம் என்றுதான். 911ஐ அழைப்பார். அவசர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்களுக்கும் காரணம் தெரியாது, தலைக்கு ஸ்கேன் எடுக்க ஓடுவார்கள். ஒருவருக்குத் தெரியாமல் போதைப்பொருள் கொடுப்பது குற்றம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல எண்ணம் அதற்குப் பரிகாரம் ஆகாது.

நீங்கள் வாழ்ந்துகொண்டிருக்கும் ஊர் எது என்பதையும் யோசியுங்கள். 1951இல் அதே பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றுக்கட்டியிலிருந்து அவரைக் கேட்காமலே செல்களை எடுத்தார்கள். அந்தச் செல்கள் உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களுக்குப் போன கதை அவர் குடும்பத்துக்குத் தெரியவர இருபது வருடத்துக்கு மேல் ஆனது. அலபாமாவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் இருந்த கறுப்பின ஆண்களிடம் "கெட்ட இரத்தம்" என்று மட்டும் சொல்லி, பென்சிலின் வந்த பிறகும் கொடுக்காமல் வைத்து வேடிக்கை பார்த்தது அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை. அந்தச் செய்தி வெளியானபோது உங்கள் அத்தைக்குப் பதினெட்டு வயதிருக்கும். "உங்கள் நன்மைக்காகத்தான் சொல்லவில்லை" என்ற வாக்கியத்தை அவர் தலைமுறை வெள்ளைக் கோட்டுக்காரர்களிடம் நிறையக் கேட்டுவிட்டது. மருமகள் வாயிலிருந்தும் அது வர வேண்டாம்.

அது அறியாமை இல்லை

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய இடம் பிரௌனி இல்லை, "கல்நெஞ்சு" என்ற சொல்.

நம் ஊரில் "கஞ்சா கேஸ் போட்டுருவேன்" என்று ஒரு போலீஸ்காரர் மிரட்டினால், அந்தப் பேச்சு செடியைப் பற்றியது இல்லை என்று எந்தத் தமிழருக்கும் விளக்க வேண்டியதில்லை. யார் பையில் பொட்டலம் இருக்கிறது என்பதைவிட, யார் பையைத் திறந்து பார்க்கிறார்கள் என்பதுதான் அங்கே விஷயம். அமெரிக்காவில் இதையே எண்ணில் பார்க்கலாம். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் கஞ்சா பயன்படுத்தும் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் 2010 முதல் 2018 வரையிலான கைதுக் கணக்கை எடுத்து ஏசிஎல்யு என்ற குடிமையுரிமை அமைப்பு 2020இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கஞ்சா வைத்திருந்ததற்காகக் கைதாகும் வாய்ப்பு கறுப்பினத்தவருக்கு 3.64 மடங்கு அதிகம். இது நேற்று தொடங்கியதும் இல்லை. 1930இல் ஃபெடரல் போதைத்தடுப்புத் துறையின் முதல் தலைவராக வந்த ஹாரி ஆன்ஸ்லிங்கர், மெக்சிகோக்காரர்களையும் கறுப்பின ஜாஸ் கலைஞர்களையும் காட்டிப் பயமுறுத்தித்தான் 1937 கஞ்சாக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு ஆதரவு திரட்டினார்.

இப்போது 1996க்கு வாருங்கள். அண்ணன் கைதானபோது குடும்பம் அரசுக் குடியிருப்பில் இருந்தது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வருடம்தான் கிளின்டன் அரசு அரசுக் குடியிருப்புகளில் 'ஒரே அடி' விதியை அறிவித்தது. வீட்டில் ஒருவர் போதைப்பொருளில் மாட்டினால், ஒரே தடவைதான், மொத்தக் குடும்பமும் காலி. குடியிருப்பவருக்கு விஷயமே தெரியாது என்றாலும் வெளியேற்றலாம் என்று 2002இல் ரக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் நின்ற ரக்கர் என்பவரே ஓக்லாண்டில் அரசுக் குடியிருப்பில் இருந்த ஒரு வயதான கறுப்பினப் பெண்தான்.

உங்கள் கணவர் அப்போது சின்னப் பையன். பெரியவனை வீட்டில் வைத்திருந்தால் சின்னவனுக்கும் கூரை போயிருக்கலாம். அத்தை அன்று எடுத்த முடிவு கல்நெஞ்சால்தானா, இல்லை நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு எடுத்ததா? எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஆனால் அந்த டப்பாவை அவர் வீட்டுக் குப்பைக்கூடையில் போடவில்லை, வலிக்கும் காலோடு தெருமுனை வரை போயிருக்கிறார். ஒரு பொட்டலம் ஒரு வீட்டை என்ன செய்யும் என்று உங்களைவிட, என்னைவிட, அவருக்குத் தெரியும்.

சர்ச் விஷயமும் அப்படித்தான். போலீஸும் பத்திரிகையும் பிள்ளைகளைப் போதைக்காரன் என்று எழுதிய காலத்தில், நம்மைப் பார்த்து யாரும் ஒரு சொல் சொல்லிவிடக்கூடாது என்று அந்த வெள்ளைக் கையுறையை மாட்டி நின்ற தலைமுறை அது. நம் மொழியில் அதற்கு மானம் என்று பெயர்.

"சட்டமே அனுமதித்துவிட்டது" என்ற வாதமும் அவரிடம் எடுபடாது. மேரிலாந்தில் 2022 நவம்பரில் வாக்கெடுப்பு நடந்து, 2023 ஜூலை 1 முதல் 21 வயது நிரம்பியவர்கள் ஒன்றரை அவுன்ஸ் வரை வைத்திருக்கலாம் என்றானது உண்மை. ஆனால் அதற்கு முன், மருத்துவக் கஞ்சா வளர்க்க 2016இல் முதல்கட்ட அனுமதி பெற்ற 15 நிறுவனங்களில் ஒன்றைக்கூடக் கறுப்பினத்தவர் நடத்தவில்லை. பத்தில் மூன்று பேர் கறுப்பினத்தவராக இருக்கும் மாநிலத்தில்! பிறகு பெரிய சத்தம் எழுந்து, சட்டம் திருத்தி, 2024இல் கஞ்சாக் கைதுகளால் அதிகம் பாதிக்கப்பட்ட பகுதிக்காரர்களுக்கென்று தனிக் குலுக்கல் வைத்து உரிமம் கொடுத்தார்கள். மகனை எதற்காகப் பிடித்துக்கொண்டு போனார்களோ அதையே கண்ணாடிக் கதவு போட்ட கடையில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பதைப் பார்க்கும் அம்மாவுக்குக் கோபம் வந்தால், அதை மூடநம்பிக்கை என்று சொல்ல மாட்டேன்.

முதலில் அந்த எரிச்சலைக் கவனிப்போம்

நீங்கள் இரண்டு பக்கத்துக்குக் கஞ்சாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அத்தையின் புற்றுநோய் மருத்துவர் இந்த வலிக்கு என்ன கொடுத்தார் என்று ஒரு வரிகூட இல்லை. என் ஊகம், ஒன்றும் கொடுக்கவில்லை. காரணம், அவர் கேட்கவில்லை, அல்லது அத்தை சொல்லவில்லை.

இருபது வருடமாக வலி சிகிச்சைதான் என் தொழில். இந்த வயதுக் கறுப்பினத் தாய்மார்களிடம் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் பாதிப்பேர் "ப்ளெஸ்ட்" என்பார்கள். கடவுள் ஆசீர்வாதத்தில் நலம். டாக்டரும் "நலம்" என்று எழுதிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். கேட்கும் பக்கத்திலும் கோளாறு உண்டு. வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 2016இல் வந்த ஆய்வு ஒன்றில், வெள்ளையின மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் ஏறக்குறைய பாதிப்பேர், கறுப்பினத்தவரின் தோல் தடிமன் என்பது போன்ற ஒரு பொய்யையாவது நம்பியிருந்தார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டார்கள்.

பாக்லிடாக்செல் நரம்பு நுனிகளைப் பாதிக்கும். இது தெரிந்த, எதிர்பார்க்கப்படும் பக்கவிளைவு. இந்த எரிச்சலைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அது கூடிக்கொண்டே போனால் டாக்டர் மருந்தின் அளவைக் குறைப்பார், ஒரு வாரம் தள்ளிப்போடுவார், வேறு மருந்துக்கு மாற்றுவார். சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு பன்னிரண்டையும் முடித்தால் மரப்பு நிரந்தரமாகத் தங்கிவிடலாம். இந்த வகை நரம்பு வலிக்கு அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் போதிய ஆதாரத்தோடு பரிந்துரைக்கும் மாத்திரை ஒன்றே ஒன்று, டுலாக்ஸிடீன். எல்லாருக்கும் கேட்காது, கேட்டவர்களுக்கும் வலி குறையும், அடியோடு போகாது. வார்ஃபரினோடு சேர்ந்தால் இரத்தக்கசிவு வாய்ப்பு கொஞ்சம் கூடும், பிபியையும் பார்த்துக்கொள்ள வேண்டும், பின்னால் புற்றுநோய் திரும்பாமலிருக்க டாமாக்சிஃபென் மாத்திரை கொடுக்கப் போகிறார்கள் என்றால் அதன் வேலையைக் கெடுக்கலாம். அதனால் மாத்திரைப் பட்டியல் முழுவதையும் எடுத்துக்கொண்டு போய்த்தான் கேட்க வேண்டும். அப்படியே பாலியேட்டிவ், அதாவது வலி தணிக்கும், மருத்துவரிடம் அனுப்பச் சொல்லுங்கள். அது கடைசி நாட்களுக்கான துறை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, குணமாகப் போகிறவர்களின் வலியையும் அவர்கள்தான் பார்க்கிறார்கள்.

கஞ்சா எதற்கு உதவும்

அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமிகள் 2017இல் எல்லா ஆய்வுகளையும் அலசிச் சொன்னது இது: பெரியவர்களின் நாள்பட்ட வலி, கீமோவால் வரும் குமட்டல் வாந்தி, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்கள் சொல்லும் தசை இறுக்கம், இந்த மூன்றுக்கும் நல்ல ஆதாரம் உண்டு. கீமோவால் வரும் நரம்பு எரிச்சலுக்கென்று தனியாகப் பார்த்தால் ஆதாரம் மெலிவு. புற்றுநோயையே அது கரைக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். அதற்காகப் பயன்படுத்த வேண்டாம் என்று 2024இல் புற்றுநோய் மருத்துவர் சங்கமே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அதே வழிகாட்டுதல், நோயாளியிடம் கஞ்சா பற்றி முகம் சுளிக்காமல் கேளுங்கள் என்று டாக்டர்களுக்கும் சொல்கிறது.

"இயற்கையானதுதானே" என்கிறீர்கள். எருக்கம்பாலும் இயற்கைதான் அம்மா. கஞ்சாவில் உள்ள டிஎச்சியும், போதை தராத சிபிடி என்ற பகுதியும் வார்ஃபரினை உடல் வெளியேற்றும் வேகத்தைக் குறைத்து இரத்தத்தை மேலும் நீர்க்க வைக்கலாம். ஆகவே அத்தை ஒருநாள் தானே "சரி, பார்க்கலாம்" என்றாலும், முதலில் மருத்துவரிடம் சொல்லி, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனையை நெருக்கமாக வைத்துக்கொண்டு, இரண்டரை மில்லிகிராமிலோ அதற்கும் கீழேயோ, இரவில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது தொடங்க வேண்டும். ஒன்றும் தெரியவில்லையே என்று ஒரு மணி நேரத்தில் இன்னொன்றை வாயில் போடுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. புகைப்பது அவருக்குச் சரிப்படாது.

யார் வாங்குவது, எங்கே வைப்பது

இந்த இடத்தில்தான் உங்களை நினைத்து எனக்குக் கவலை. நான் வக்கீல் இல்லை, ஆனால் என் நோயாளிகளின் குடும்பங்கள் மாட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

குடியேற்றச் சட்டம் ஃபெடரல் சட்டம். மேரிலாந்து அனுமதித்தது அங்கே செல்லாது. மாநிலச் சட்டப்படி சரியாக இருந்தாலும், கஞ்சா சம்பந்தப்பட்ட செயல், அந்தத் துறையில் வேலை உட்பட, குடியுரிமைக்குத் தேவையான 'நன்னடத்தை'க்குத் தடையாகலாம் என்று 2019 ஏப்ரலில் குடியேற்றத் துறை எழுத்திலேயே சொல்லிவிட்டது. வழக்கு, தண்டனை எதுவும் வேண்டாம். நேர்காணலில் நீங்களே ஒப்புக்கொண்டாலும் சிக்கல்தான். கஞ்சாவைக் கட்டுப்பாடு குறைந்த மூன்றாம் அட்டவணைக்கு இறக்கலாம் என்று 2024இல் நீதித்துறை முன்மொழிந்ததைக் கேட்டு நிம்மதி அடையாதீர்கள். எந்த அட்டவணையில் இருந்தாலும் அது கட்டுப்படுத்தப்பட்ட பொருள்தான். ஆகவே நீங்கள் டிஸ்பென்சரி எனப்படும் கஞ்சாக் கடைக்குப் போக வேண்டாம், உங்கள் அட்டையில் பணம் கட்ட வேண்டாம், அத்தைக்குப் 'பராமரிப்பாளர்' என்று மருத்துவக் கஞ்சாப் பதிவில் பெயர் கொடுக்க வேண்டாம். விண்ணப்பம் போடும் முன் குடியேற்ற வக்கீல் ஒருவரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஊருக்குப் போகும்போது மறந்துகூடப் பையில் இருக்கக்கூடாது என்று சொல்லத் தேவையில்லை.

உங்கள் கணவரும் வேண்டாம். ஃபெடரல் ஊழியர்கள் வேலை நேரத்துக்கு வெளியிலும் போதைப்பொருள் தொடக்கூடாது என்ற ரீகனின் 1986 ஆணை அவர் தலைக்கு மேல் இருக்கிறது. பார்த்தால், உங்கள் மூவரில் கடைக்குப் போய் வேலை, குடியுரிமைப் பயமில்லாமல் வாங்கக்கூடியவர் வேண்டாம் என்கிற அத்தை ஒருவர்தான்!

அவருக்கும் ஒரு பயம் நியாயமானது, வீடு. ஃபெடரல் மானியக் குடியிருப்பில் ஃபெடரல் சட்டம்தான் செல்லும். மருத்துவ அட்டை கவசம் ஆகாது. ஏற்கனவே குடியிருப்பவரை வெளியேற்றியே தீர வேண்டும் என்றில்லை, நிர்வாகம் விட்டும் விடலாம். ஆனால் 71 வயதில் 'விடலாம்' என்பதை நம்பி யார் இருப்பது? வாடகை ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு மேரிலாந்து லீகல் எய்டு என்ற சட்ட உதவி அமைப்பில் கேளுங்கள், நிர்வாகத்திடம் போய் முதலில் விசாரிக்காதீர்கள். குமட்டல்தான் தொல்லை என்று வந்தால் ட்ரோனாபினால் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. டிஎச்சிதான், ஆய்வகத்தில் செய்தது, 1985 முதல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அங்கீகாரத்தோடு மருந்துக்கடையில் சீட்டுக்குக் கிடைக்கிறது. தலைசுற்றல், தடுமாற்றம் எல்லாம் அதிலும் உண்டு, ஆனால் வீடு போகாது.

பேரனைத் திட்டாதீர்கள், பாட்டி வலியைப் பார்த்துத்தான் கொண்டுவந்திருக்கிறான். ஆனால் பாட்டியின் ஃபிரிட்ஜில் எதையும் வைக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். ரக்கர் வழக்கை அவனிடம் சொல்லலாம், அப்பாவின் கதை புரியும். அவனுக்கு இன்னும் 21 ஆகவில்லை, தினமும் கஞ்சா வேப் (மின்புகைக் குழல்) இழுக்கிறான் என்கிறீர்கள். இந்த வயதில் வீரியமான டிஎச்சி தினசரி போனால் மனநோய் வாய்ப்பு கூடும். குடும்பத்தில் யாருக்காவது ஸ்கிசோஃப்ரினியா இருந்ததா என்று கணவரிடம் கேட்டு வையுங்கள். இருந்தால் இது சாதாரண விஷயம் இல்லை. பாட்டி 'டோப்' என்று பயப்படுவதும் பேரன் 'வெல்னெஸ்' என்று கொண்டாடுவதும் ஒரே செடியைத்தான். கூட்டிக்கழித்தால் பாட்டி பக்கம்தான் விவரம் அதிகம் என்று எனக்குப் படுகிறது.

அப்புறம் அண்ணன். 2024 ஜூன் 17 அன்று ஆளுநர் வெஸ் மூர், கஞ்சாவோ அதற்கான கருவிகளோ வைத்திருந்ததற்கான 1,75,000க்கும் மேற்பட்ட தண்டனைகளுக்கு ஒரே கையெழுத்தில் மன்னிப்பு கொடுத்தார். அண்ணனுடையது வெறும் வைத்திருந்த வழக்கு என்றால் அதில் இருக்கலாம். 1996ஆம் வருடத்துப் பழைய வழக்கு, பதிவேடு கணினியில் ஏறாமலும் இருக்கலாம். மன்னிப்பு வேறு, பதிவை அழிப்பது வேறு; அழிக்கத் தனியாக மனுப் போட வேண்டியிருக்கலாம். லீகல் எய்டுக்கு எப்படியும் போகிறீர்கள், இந்தக் கேள்வியையும் கொண்டு போங்கள். அத்தையிடம் இதை உங்கள் கணவர் சொல்லட்டும், கம்மி பேச்சை எடுக்காமல். மூத்த மகனைப் பற்றி அவர் ஏதாவது பேசினால் கேட்டுக்கொண்டு இருங்கள்.

அடுத்த ஊசி வியாழக்கிழமை என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று நீங்களும் கூடவே போங்கள். அத்தையிடம் முன்னாடியே கேட்டு, அவர் சம்மதித்தால், அந்த வெள்ளைக் கையுறையைக் கைப்பையில் எடுத்துக்கொள்ளுங்கள். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று டாக்டர் கேட்பார், "ப்ளெஸ்ட்" என்று அவர் சொல்வார். சொல்லட்டும். பிறகு கையுறையை மேசைமேல் வைத்து, டாக்டர் முன்னால் அவரையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.